முள் இன்னும் டயருக்குள்தான் இருக்கிறது

போன மாதம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பையனைப் பார்த்தேன். தனியாக வந்தவன். பைகளையெல்லாம் கழற்றி வைத்து, சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பின்சக்கரத்தில் ட்யூப் மாற்றிக்கொண்டிருந்தான். உதவட்டுமா என்றேன். "வேண்டாம் அண்ணா, காலையிலிருந்து இது மூணாவது தடவை. கை நல்லா பழகிடுச்சு" என்றான். அதில் ஒரு பெருமை வேறு. எனக்கோ சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவன் வயதில் நானும் அதே வேலையை அதே பெருமையோடு செய்தவன்தான்.

ஹெல்மெட் போடுங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர்கள் தனியாக நெடுந்தூரம் கிளம்ப மாட்டார்கள். தெரிந்தவர்களும் சைக்கிள் பயணத்தில் செய்கிற சில தவறுகளைத்தான் சொல்கிறேன்.

ட்யூபை மாற்றிவிட்டு, காரணத்தை விட்டுவிடுவது

என் கதை இது. அன்றைய திட்டம் 95 கிலோமீட்டர். நாற்பதைத் தாண்டும்போது பின்சக்கரம் இறங்கியது. லேசான தூறல், அவசரம். டயருக்குள் விரலை ஒரு சுற்று ஓட்டினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. புது ட்யூபைப் போட்டுக் கிளம்பிவிட்டேன். பத்தே நிமிட வேலை. மூன்று கிலோமீட்டர் போனதும் மறுபடி இறங்கியது. இருந்த இன்னொரு ட்யூபையும் போட்டேன். அதுவும் போனது. சரி, ஒட்டிக்கொள்ளலாம் என்று பஞ்சர் பசையை எடுத்தால், எப்போதோ திறந்த குழாய், உள்ளே காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. கூட வந்த ஆள் இருந்தால் அவரிடமாவது கேட்டிருப்பேன். மிச்ச தூரத்தில் 11 கிலோமீட்டரைச் சுமையோடு தள்ளிக்கொண்டே நடந்தேன்.

ராத்திரி விளக்கடியில் டயரைப் பிரித்துப் பஞ்சை உள்ளே ஓட்டியபோதுதான் ஓரிடத்தில் பஞ்சு சிக்கியது. நகக்கண் அளவுகூட இல்லாத கம்பி இழை. லாரி டயர்கள் வெடித்துச் சாலையோரம் சிதறிக் கிடக்கின்றனவே, அவற்றுக்குள் இருக்கிற எஃகு இழை. ரப்பருக்குள் சாய்வாகப் புதைந்திருக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்து டயர் அமுங்கும்போதுதான் உள்பக்கம் தலைநீட்டும். காலி டயரில் விரல் வைத்தால் பல நேரம் தெரியாது. இதை எழுதும்போதுகூட அந்த 11 கிலோமீட்டர் எரிச்சலாகத்தான் இருக்கிறது. கம்பி மேல் அல்ல, "ஒன்றுமில்லை" என்று முடிவுகட்டிய என் மேல்.

அதனால் இப்போது என் வழக்கம் இதுதான். டயரின் மேல் எழுதியிருக்கும் பெயர் வால்வுக்கு நேராக வரும்படிதான் எப்போதும் மாட்டுவேன். பஞ்சரானால் ட்யூபை உருவி, எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்பதை மறக்காமல், காற்றடித்து உதட்டருகே கொண்டுபோவேன். கைக்குத் தெரியாத காற்று உதட்டுக்குத் தெரியும். ஓட்டை கிடைத்ததும் ட்யூபை டயர் மேல் அதே வாக்கில் வைத்தால், வால்விலிருந்து அதே தூரத்தில்தான் குற்றவாளி இருக்கும். டயர் முழுக்கத் தேட வேண்டாம், அந்த நான்கு விரல் அகலத்தைத் தேடினால் போதும். டயரை அங்கே வெளிப்பக்கமாக மடக்கிப் பார்த்தால் கம்பி எட்டிப் பார்க்கும். பிடுங்க ஒரு சின்ன இடுக்கி வேண்டும், நகத்தால் வராது.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதும் பேசும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் முள்ளே கிடையாது. காற்றுக் குறைவாக இருந்து, குழியில் இறங்கியபோது ரிம் நசுக்கியது. உள்வட்டத்தில், ரிம்மைப் பார்த்த பக்கம் ஓட்டை என்றால், ஸ்போக்ஸ் துளைகளை மூடியிருக்கும் ரிம் நாடா விலகி, துளையோ ஸ்போக்ஸ் முனையோ குத்துகிறது. இந்த இரண்டிலும் டயரை எவ்வளவு தடவினாலும் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் பசை. தடவியதும் ஈரத்தோடு ஒட்டுப்போடுகிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்குச் சில நிமிடம் காயவிட்டுத்தான் ஒட்டுத் துண்டை வைக்க வேண்டும். அந்த நிமிடங்களைப் பொறுக்க முடியாததால்தான் பாதி ஒட்டுகள் பிய்ந்துகொள்கின்றன. திறந்த பசைக்குழாயை நம்பாதீர்கள், திறக்காதது ஒன்று கூடவே இருக்கட்டும்.

சைக்கிள் கால்சட்டைக்குள் உள்ளாடை

வேண்டாம். தையல் உரசிப் புண்ணாகும்.

காலை வேகத்தை வைத்து நாளைக் கணக்குப் போடுவது

காதில் காற்றுச் சத்தமே இல்லாமல் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள் என்றால், அது உங்கள் கால் பலம் அல்ல. மணிக்கு 15 கிலோமீட்டர் காற்று முதுகைத் தள்ளுகிறது, அதனால் முகத்தில் படுவது 10 மட்டுமே. சாலை திரும்பி அதே காற்று எதிரே வந்தால், நீங்கள் 15-க்கு இறங்கிப் போனாலும் முகத்தில் 30. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆக ஒன்பது மடங்கு. "இரண்டு மணி நேரத்தில் 50, மாலைக்குள் 150" என்று தங்குமிடத்துக்குச் சொல்லி வைத்தவர்கள் இருட்டில் வந்து சேர்ந்த கதை நிறைய உண்டு.

பசித்த பிறகு சாப்பிடுவது

அதற்குள் கால் காலியாகியிருக்கும். மணிக்கொரு முறை எதையாவது வாயில் போடுங்கள், பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முழங்கால் வலியைப் பல்லைக் கடித்துத் தாங்குவது

முன்பக்கம் வலித்தால் சீட் பெரும்பாலும் தாழ்வாக இருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயரமாக. சில மில்லிமீட்டர் மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். புதுச் சீட்டோடு கிளம்பியவர்களுக்கு என்னிடம் பரிதாபம் மட்டும்தான் உண்டு.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தியே வருவது

ரிம்மையே பிடித்து நிறுத்துகிற ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டயரே வெடிக்கலாம். வளைவுக்கு முன் இறுக்கிப் பிடியுங்கள், பிறகு விட்டுவிடுங்கள், நடுவில் ஆறட்டும்.

அந்தப் பையனிடம் டயரைக் கொடு என்று வாங்கிப் பார்த்தேன். கம்பி இல்லை, சின்னக் கண்ணாடிச் சில்லு. முதல் ட்யூபிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறது.