"அழுதுட்டான்ல, இனி பயமில்லை" என்று இருந்துவிடாதீர்கள்

என் தங்கை மகன் காலை 9 மணிக்குப் பிறந்தான். அழவில்லை. பை வைத்து மூச்சுக் கொடுத்தார்கள், சில நிமிடம் கழித்துத்தான் அழுதான். புதுச்சேரிக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொன்னபோது, "நல்லாத்தானே அழுவுறான், பச்சைக் குழந்தையை ஏன் அலைக்கழிக்கணும்" என்று மறுத்தது எங்கள் வீட்டார்தான். நானும் தலையாட்டினேன். இரவு 11 மணிக்கு வலிப்பு வந்தது.

பலர் செய்யும் முதல் தவறு இதுதான். ஆக்சிஜன் இருந்தால் மூளைச் செல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி (செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம்) எடுக்கும். இல்லாவிட்டால் 2 தான், கூடவே லாக்டிக் அமிலமும் சேரும். செல்லுக்குள் வரும் சோடியத்தை வெளியே இறைக்கும் பம்புக்கு அந்த 2 போதாது. 2011 தானே புயலில் கரண்ட் போனபோது கடலூரில் மோட்டார்கள் நின்ற மாதிரி பம்பு நிற்கும், செல் வீங்கும். மூச்சு வந்ததும் ஏடிபி மீளும், குழந்தையும் தேறியதாகத் தெரியும். ஆனால் தண்ணீர் புகுந்த மோட்டார் சிறிது ஓடிவிட்டுப் புகைவதுபோல, செல்லுக்குள் ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதுபட்டிருப்பதால் சுமார் 6 மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி தளரும். இதை இரண்டாம் கட்ட ஆற்றல் வீழ்ச்சி என்கிறார்கள். இடையில் கிடைக்கும் அந்த 6 மணி நேரத்தைத்தான் நாங்கள் வீணாக்கினோம்.

மூளையைக் காக்கக் குழந்தையின் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சையும் அந்த நேரத்துக்குள்தான் தொடங்கப்படும்: உடல் வெப்பம் 33–34 டிகிரி செல்சியஸ், 72 மணி நேரம். எல்லாக் குழந்தைக்கும் அது பொருந்தாது. இந்தியா, இலங்கை, வங்கதேச ஆஸ்பத்திரிகளில் நடந்து 2021இல் வெளியான ஹெலிக்ஸ் ஆய்வில், குளிர்வித்த குழந்தைகளிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. அதனால் முடிவைச் சிசு மருத்துவரிடம் விடுங்கள். வீட்டில் ஈரத்துணி போடவே கூடாது. நாலு போர்வை சுற்றிச் சூடேற்றுவதும் தவறு. காய்ச்சல் மூளையின் ஆற்றல் தேவையை ஏற்றிவிடும்.

அடுத்த தவறு, சேனை வைப்பது. சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூச்சுத் திணறிய குழந்தைக்கு விழுங்கத் தெம்பு இருக்காது, நுரையீரலுக்குள் போய்விடும். அதே சமயம், ஆக்சிஜன் இல்லாத நிமிடங்களில் கல்லீரலில் சேமித்த சர்க்கரை வேகமாகக் கரைந்திருக்கும். ரத்தச் சர்க்கரை இறங்கினால் மூளைக்கு இரண்டாவது அடி. குதிகாலில் குத்திப் பார்த்து டிரிப்பில் ஏற்றுவது அதற்காகத்தான். "பால் கூடக் கொடுக்காம ஊசி குத்துறாங்க" என்று நர்சிடம் சண்டை போடாதீர்கள்.

"ஆக்சிஜன் வைக்காம வெறும் காத்தை அமுக்குறாங்க" என்பதும் அப்படித்தான். நிறைமாதக் குழந்தைக்கு 21 சதவீத ஆக்சிஜன் உள்ள சாதாரணக் காற்றில்தான் தொடங்குவார்கள். தேவைக்கு மேல் கொடுத்தால் மூளைச் செல்லுக்குக் கெடுதல்.

கை கால் மட்டும் நீலமாக இருப்பது முதல் நாளில் சகஜம். உதடும் நாக்கும் நீலமானால் ஆபத்து. வலிப்பு என்றால் உடம்பு தூக்கிப்போடும் என்று காத்திருக்க வேண்டாம். கண் ஒரே பக்கம் நிலைப்பது, வாயைச் சப்புவது, சைக்கிள் மிதிப்பதுபோல் கால் அசைவது, மூச்சு நின்று நின்று வருவது எல்லாமே வலிப்பாக இருக்கலாம். உடனே நர்சைக் கூப்பிடுங்கள். வீட்டில் இருந்தால் 108.

வீடு திரும்பியதும் வளர்ச்சிப் பரிசோதனைகளை விட்டுவிடுவது கடைசித் தவறு. கழுத்து நிற்பது, கண் பார்த்துத் தொடர்வது, கை விரிவது எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். எங்கள் பையனுக்கு இடது கை இறுக்கமாக இருந்ததை நாலாவது மாதத்தில் ஜிப்மரில்தான் கண்டுபிடித்தார்கள். அன்றே பயிற்சி தொடங்கினோம். இப்போது அந்தக் கையாலேயே டம்ளரைப் பிடிக்கிறான்.