நீளமான செக்மேட் ப்ராப்ளத்தை செஸ் இன்ஜின் வெச்சு தீர்க்குறது எப்படி? முதல் தடவை செய்றவங்களுக்கு

மேட் இன் 3, மேட் இன் 4ன்னா (அதாவது எதிராளி என்ன ஆடினாலும் 3 அல்லது 4 நகர்வுல செக்மேட்) இந்தப் பதிவே தேவையில்ல, பொசிஷனை ஸ்டாக்ஃபிஷ்ங்கிற செஸ் இன்ஜின்ல போட்டா கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள விடை வந்துடும். மேட் இன் 20, மேட் இன் 40, அதுக்கும் மேலன்னு போகும்போதுதான் சிக்கல். உலக சாம்பியனையே அசால்ட்டா அடிக்குற அதே இன்ஜின் இங்க அரை மணி நேரம் ஓடியும் ப்ளஸ் 6, ப்ளஸ் 7ன்னு வெள்ளை எவ்ளோ முன்னாடி இருக்குங்கிற ஒரு நம்பரைக் காட்டிட்டு அப்படியே நிக்கும், மேட்டுன்னு சொல்லவே சொல்லாது. நிறைய பேர் அங்கேயே விட்டுடுறாங்க. விட வேணாம். இன்ஜின் எங்க தடுமாறுதுன்னு தெரிஞ்சா நாம கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போயிடலாம். இந்தப் பதிவு முழுக்க அதைப் பத்திதான்.

இந்த மாதிரி நீள ப்ராப்ளம் ஒண்ணும் புதுசு இல்ல. 1885-ல டிரான்ஸ்ஃபார்மரை உருவாக்குன மூணு ஹங்கேரி இன்ஜினியர்கள்ல ஒருத்தரான ஓட்டோ பிளாத்தி, நூறு நகர்வைத் தாண்டுற செக்மேட் ப்ராப்ளம் எல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல கையால உட்கார்ந்து உருவாக்கியிருக்காரு. நினைச்சாலே பிரமிப்பா இருக்கு.

முதல்ல இன்ஜின் ஏன் தவறவிடுதுன்னு பார்ப்போம்

எல்லா நகர்வையும் எல்லா பதிலையும் பார்க்க எந்த கம்ப்யூட்டராலயும் முடியாது, அதனால இன்ஜின் "இது சரிப்பட்டு வராது"ன்னு தோணுற கிளைகளை வெட்டிக்கிட்டே போகும். இதுல ஒரு முக்கியமான தந்திரம் நல் மூவ். அதாவது "எதிராளிக்கு ஒரு நகர்வை சும்மா விட்டுக் கொடுத்தாலும் என் நிலைமை நல்லாவே இருக்குன்னா, இந்தக் கிளையை மேல பார்க்கத் தேவையில்ல"ங்கிற கணக்கு. சாதாரண ஆட்டத்துல இது அருமையா வேலை செய்யும், ஏன்னா நகர்வு கையில இருக்குறது கிட்டத்தட்ட எப்பவுமே லாபம்தான். ஆனா நீள மேட் ப்ராப்ளம் பெரும்பாலும் சுக்ஸ்வாங் மேலதான் நிக்கும். நகர்த்தியே ஆகணும்ங்கிறதாலயே தோத்துப்போற நிலைமை அது.

ஒரு குட்டி உதாரணம், போர்டுல வெச்சுப் பாருங்க. வெள்ளை ராஜா சி1, வெள்ளைக் குதிரை டி5. கருப்பு ராஜா ஏ1, கருப்பு சிப்பாய் ஏ3. வெள்ளை ஆடணும், மேட் இன் 2. விடை: குதிரை பி4. இதுல செக் இல்ல, மிரட்டல்கூட இல்ல, கருப்பு மட்டும் "பாஸ்" சொல்ல முடிஞ்சா அடுத்த நகர்வுல மேட் கிடையாது. ஆனா பாஸ் சொல்ல முடியாதே! ராஜா போக பி1, பி2 ரெண்டையும் வெள்ளை ராஜா காக்குது, ஏ2-வை குதிரை காக்குது, மிச்சம் ஒரே நகர்வு சிப்பாய் ஏ2. உடனே குதிரை சி2, மேட். தன் ராஜா தப்பிக்க இருந்த கடைசிக் கட்டத்தையும் கருப்பு தன் சிப்பாயாலயே அடைச்சுக்குது.

இவ்ளோ சின்ன பொசிஷன்ல இன்ஜின் ஏமாறாது, ஏன்னா ஒரு பக்கம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே இருந்தா அந்தப் பக்கத்துக்கு நல் மூவ் தந்திரத்தைப் பயன்படுத்தக் கூடாதுன்னு ஸ்டாக்ஃபிஷ்ல பாதுகாப்பு இருக்கு. ஆனா ப்ராப்ளம் போடுறவங்க கருப்புக்கு யானை, பிஷப் எல்லாம் கொடுத்து அதுங்களை நகர முடியாம மூலையில பூட்டி வெச்சுடுவாங்க பாருங்க, அங்க அந்தப் பாதுகாப்பு உதவாது. காய் இருக்கு, ஆனா அசைய முடியல, இன்ஜினோ இது சாதாரண பொசிஷன்னு நினைச்சு வெட்டுது. இதோட, வரிசையில பின்னாடி இருக்குற அமைதியான நகர்வுகளை ஆழம் குறைச்சுப் பார்க்குற பழக்கமும் இன்ஜினுக்கு உண்டு, நீள மேட்ல சாவி நகர்வு பாதிக்குப் பாதி அந்த மாதிரி அமைதியான ராஜா நகர்வாத்தான் இருக்கும்.

படி 1: செட்டப்

ஸ்டாக்ஃபிஷ் இலவசம், ஓப்பன் சோர்ஸ். அது வெறும் இன்ஜின்தான், போர்டு காட்டாது, அதனால அரீனா மாதிரி ஒரு இலவச ஜியூஐ-யும் டவுன்லோட் பண்ணி அதுல இன்ஜினைச் சேர்த்துக்குங்க. பிரவுசர்ல ஓடுற இன்ஜினும் இருக்கு, பழகிப் பார்க்க ஓகே, ஆனா நீள மேட்டுக்கு மெமரி பத்தாது.

அப்புறம் இன்ஜின் செட்டிங்ஸ். ஹேஷ், அதாவது இன்ஜின் கண்டுபிடிச்சதை ஞாபகம் வெச்சுக்குற மெமரி, 16 எம்பி-லதான் டிஃபால்ட்டா இருக்கும், இதை மாத்தாமலே பல பேர் மணிக்கணக்குல ஓட விடுறாங்க. உங்க ரேம்ல பாதி வரைக்கும் தாராளமா கொடுங்க, 8 ஜிபி ரேம்னா 4096 போடலாம். த்ரெட்ஸ் (ஒரே நேரத்துல எத்தனை கோர்ல ஓடணும்ங்கிறது) டிஃபால்ட் 1, உங்க பிராசஸர் கோர் எண்ணிக்கையில ஒண்ணு குறைச்சு வெச்சுக்கலாம்.

படி 2: பொசிஷனை சரியா ஏத்துங்க

கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா விடை வராததுக்குப் பாதி காரணம் இதுதான். போர்டு திரும்பியிருக்கான்னு பாருங்க, சிப்பாய் எந்தப் பக்கம் போகுதுங்கிறது மாறினா ப்ராப்ளமே வேற. கேஸ்லிங் டிக் முக்கியம்: ப்ராப்ளம் மரபுல ராஜாவும் யானையும் சொந்தக் கட்டத்துல இருந்தா, முடியாதுன்னு நிரூபிக்கப்படாத வரைக்கும் கேஸ்லிங் உண்டு. ஆன் பாசான் அப்படியே தலைகீழ், கடைசி நகர்வு எதிராளி சிப்பாய் ரெண்டு கட்டம் தாண்டினதுதான்னு நிரூபிக்க முடிஞ்சா மட்டும்தான் உண்டு. இன்ஜின் சொல்ற மேட், ப்ராப்ளத்துல சொன்னதைவிட ரொம்பச் சின்னதா வந்தா முதல்ல பொசிஷனைத்தான் சந்தேகப்படணும்.

படி 3: ஓட விட்டு, காட்டுறதைப் படிங்க

இன்ஃபினிட் அனாலிசிஸ் போடுங்க, நீங்க நிறுத்துற வரைக்கும் ஓடும். டெப்த் 30/52ன்னு வந்தா முதல் எண் பொதுவான ஆழம், ரெண்டாவது சில கிளைகள்ல எட்டிப் பார்த்த அதிகபட்ச ஆழம். இது ரெண்டுமே அரை நகர்வுக் கணக்கு. மேட் இன் 15ன்னா வெள்ளைக்கு 15, கருப்புக்கு 14, மொத்தம் 29 அரை நகர்வு. "டெப்த் 29 தாண்டிடுச்சு, மேட் வரல, அப்ப மேட்டே இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, நடுவுல எவ்ளோ கிளைய வெட்டித் தள்ளியிருக்குன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

கமாண்ட் விண்டோல ஓட்டுறவங்க "கோ மேட் 15"னு ஆங்கில எழுத்துல டைப் பண்ணலாம். 15 அல்லது அதுக்குள்ள மேட் கிடைச்ச உடனே தேடலை நிறுத்துங்கிறதுதான் அதோட அர்த்தம். அதைப் போட்டா இன்ஜின் வெட்டாம எல்லாத்தையும் பார்க்கும்னு நினைக்காதீங்க, தேடுற விதம் மாறாது.

மேட் இன் 22ன்னு காட்டிடுச்சுன்னு வைங்க. அதுக்கு அர்த்தம் 22-க்குள்ள மேட் இருக்குங்கிறது மட்டும்தான், 22-தான் மிகக் குறைஞ்சதுன்னு இல்ல. ஓட விட்டா 19 ஆகும், 17 ஆகும், ப்ராப்ளத்துல சொன்ன எண்ணுக்கு இறங்குற வரைக்கும் பொறுமை வேணும்.

படி 4: மேட்டே வரலன்னா, பின்னாடியிலிருந்து வாங்க

இந்தப் பதிவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் நிதானமா படிங்க.

முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு போர்டை மட்டும் பாருங்க. கருப்புக்கு நகரக்கூடிய காய் எது? பெரும்பாலும் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், மத்ததெல்லாம் பூட்டிக் கிடக்கும். அந்தக் காய்க்கு மிச்சம் எத்தனை நகர்வு இருக்கு? அது தீர்ந்தா கருப்பு எதை உடைச்சாகணும்? மேல சொன்ன குதிரை பொசிஷன்ல கருப்புக்கு எச்7-ல ஒரு சிப்பாய் சேர்த்துப் பாருங்க, குதிரை பி4 போட்டதும் கருப்பு ஏ2-வுக்குப் போக வேண்டிய கட்டாயம் போயிடும், எச் சிப்பாயைத் தள்ளிக்கிட்டே இருக்கலாம், அதனால வெள்ளைக்கு நேரம் பார்த்து காத்திருக்குற வேலை வந்துடுது. குதிரையால டெம்போ இழக்க, அதாவது அதே நிலைக்குத் திரும்பி வந்து நகர்வை எதிராளி தலையில கட்ட, முடியாதுங்கிறதும் இங்க கவனிக்கணும், ஒவ்வொரு நகர்வுலயும் அது நிறம் மாறுதே, அதனால ஒரே கட்டத்துக்குத் திரும்ப எப்பவும் இரட்டைப்படை நகர்வுதான் ஆகும். நீள மேட்ல பெரும்பாலானது இந்த எண்ணிக்கை விளையாட்டுதான்: வெள்ளை ராஜாவோ ராணியோ ஒரு சுத்து சுத்தி அதே பொசிஷனுக்கு வருது, ஆனா இப்ப நகர்வு கருப்போடது, கருப்பு ஒரு சிப்பாயைத் தள்ளியாகணும், மறுபடி ஒரு சுத்து, மறுபடி ஒரு சிப்பாய். ஒரு சுத்துக்கு 7 நகர்வு, கருப்புக்கு 5 சிப்பாய் நகர்வுன்னா அங்கேயே 35 நகர்வு ஆயிடுச்சு.

இந்தச் சுத்தைக் கண்டுபிடிக்குறது உங்க வேலை, ஏன்னா இன்ஜினுக்கு திட்டம்னு ஒண்ணு கிடையாது. இப்ப கருப்போட சிப்பாய் நகர்வு எல்லாம் தீர்ந்துபோன கடைசி நிலையை நீங்களே போர்டுல அமைச்சு இன்ஜின் கிட்ட கொடுங்க. மேட் இன் 5ன்னு உடனே சொல்லும். ஒரு சிப்பாய் நகர்வைப் பின்னாடி வெச்சுக் கொடுங்க, மேட் இன் 12ன்னு வரும். அப்படியே ஒவ்வொரு படியா பின்னாடி வாங்க. ஹேஷ்ல முன்னாடி கண்டுபிடிச்சதெல்லாம் சேமிச்சு இருக்குறதால ஒவ்வொரு தடவையும் தெரிஞ்ச மேட் வரைக்கும் போனா போதும், அதுக்கு மேல இன்ஜின் தேட வேண்டியதில்ல. கிணத்துல இறங்க படி வெட்டுற மாதிரிதான் இது, ஒவ்வொரு படியா வெட்டி வெச்சா எவ்ளோ ஆழமும் இறங்கலாம். நடுவுல "நியூ கேம்" அழுத்திடாதீங்க, ஹேஷ் காலியாயிடும், சில ஜியூஐ பொசிஷன் மாத்தினாலே அந்தக் கட்டளையை அனுப்பிடும், அப்படி இருந்தா ஒரே கேம்லயே நகர்வுகளைப் போட்டு முன்னும் பின்னும் அம்புக்குறியால போய் வாங்க. ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை மேட்டுன்னு தனியா ஒரு ஃபைல்ல எழுதி வெச்சுக்கிட்டா ரொம்ப உதவும்.

50 நகர்வு விதி

சிப்பாயும் நகராம, வெட்டும் நடக்காம 50 நகர்வு போனா டிரா-ன்னு ஆட்டத்துல விதி. ப்ராப்ளம் உலகத்துல, ரெட்ரோ வகையை (முன்னாடி என்னென்ன நகர்வு நடந்துச்சுன்னு கண்டுபிடிக்குற ப்ராப்ளம்) தவிர, இது பொருந்தாது. ஆனா இன்ஜின் தேடும்போது இதை எண்ணிக்கிட்டேதான் இருக்கும், அதனால நீளமான சுத்து வந்தா நல்லா ஜெயிக்குற பொசிஷனையும் 0.00, அதாவது டிரா-ன்னு காட்டிடும். வழி ஈஸி: நடு பொசிஷனை ஃபென் (பொசிஷனை ஒரே வரியில எழுதுற முறை) வரியா காப்பி பண்ணி, கடைசிக்கு முந்தின எண்ணை 0 ஆக்கி, மறுபடி ஏத்துங்க. எண்ணிக்கை முதல்லேருந்து ஆரம்பிக்கும்.

காய் குறைஞ்சா டேபிள்பேஸ்

போர்டுல மொத்தம் 7 காய் அல்லது அதுக்குக் கீழ வந்துட்டா யூகமே வேணாம், எல்லா பொசிஷனுக்கும் முடிவை முன்கூட்டியே கணக்கு போட்டு டேபிள்பேஸ்ங்கிற ஃபைல்கள்ல வெச்சாச்சு. சிஸிஜி டேபிள்பேஸ் 5 காய் வரைக்கும் சுமார் 1 ஜிபி, 6 காய் சேர்த்தா 150 ஜிபி-கிட்ட, 7 காய் 17 டெராபைட் அளவு, அதனால 7 காயை லிச்செஸ் தளத்துலேயே இலவசமா பார்த்துக்குறது புத்திசாலித்தனம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வைங்க, சிஸிஜி சொல்றது அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வுக்கு எவ்ளோ தூரம்ங்கிறதுதான், மேட்டுக்கு எவ்ளோ தூரம்னு இல்ல. மேட் தூரம் வேணும்னா நாலிமோவ், கவியோட்டா மாதிரி டேபிள்பேஸ் பார்க்கணும். ஸ்டாக்ஃபிஷ்ல சிஸிஜி சேர்த்தா அதுக்கான 50 நகர்வு ஆப்ஷனையும் ஆஃப் பண்ணிடுங்க. 7 காய்க்கே எவ்ளோ தூரம் போகும்னு தெரிஞ்சுக்க ஆசைன்னா, மாஸ்கோ ஸ்டேட் யுனிவர்சிட்டி சூப்பர்கம்ப்யூட்டர்ல கணக்கு போட்ட லோமோனோசோவ் டேபிள்பேஸ்ல 549 நகர்வுல மேட் ஆகுற பொசிஷன் இருக்கு.

கடைசி படி: சரிபார்க்குறது

விடை கிடைச்சதும் மல்டி பிவி-யை (எத்தனை சிறந்த நகர்வைக் காட்டணும்ங்கிற செட்டிங்) 2 ஆக்கி தொடக்க பொசிஷன்ல ஓட விடுங்க. ரெண்டாவது நகர்வும் அதே எண்ணிக்கையில மேட்டுன்னு காட்டினா அந்த ப்ராப்ளம் குக் ஆயிடுச்சு, அதாவது போட்டவர் நினைக்காத இன்னொரு விடை இருக்குன்னு அர்த்தம். அப்புறம் முக்கியமான இடங்கள்ல கருப்பு ஆடுற நேரத்துல மல்டி பிவி-யை 10, 15ன்னு ஏத்தி கருப்போட எல்லா பதிலுக்கும் மேட் எண் வருதான்னு பாருங்க, ஒரு பதிலுக்கு மட்டும் ப்ளஸ் 8ன்னு நின்னா அந்தக் கிளையில நீங்க இன்னும் இறங்கிப் பார்க்கல.

இதைவிடச் சின்ன மேட் நிச்சயமா இல்லைன்னு நிரூபணமே வேணும்னா ஸ்டாக்ஃபிஷ் அதுக்கு ஆள் இல்ல. பொப்பாய், செஸ்ட் மாதிரி ப்ராப்ளத்துக்குன்னே எழுதின ப்ரோக்ராம் இருக்கு, எந்த நகர்வையும் யூகத்துல வெட்டாம தேடும், அதனால அது இல்லன்னா இல்லதான். செஸ்ட்டை ஜியூஐ-ல சேர்க்க செஸ்ட் யூசிஐ-ன்னு ஒரு வடிவமும் கிடைக்குது. ஆனா ஒவ்வொரு நகர்வு கூடும்போதும் நேரம் பல மடங்கு ஏறும், அதனால முழு ப்ராப்ளத்தையும் அதுகிட்ட கொடுக்காம, படி 4-ல எழுதி வெச்ச ஃபைலைத் திறந்து, மேட் இன் 6, மேட் இன் 7ன்னு இருக்குற கடைசிப் பொசிஷன்களை மட்டும் ஒவ்வொண்ணா கொடுத்துப் பாருங்க.