சிப்பிப்பாறை, கன்னிக் குட்டியைப் பழக்குவது எப்படி: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

சிப்பிப்பாறை, கன்னி, கர்நாடகத்து முதோல், உத்தரப் பிரதேசத்து ராம்பூர், வெளிநாட்டு கிரேஹவுண்ட், விப்பெட், சலூக்கி. ஊர்தான் வேறு வேறு, உடல்வாகு ஒன்றுதான். நீண்ட முகம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, மெலிந்த கால். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டைக்குப் போன நாய்கள் இவை. 2020 ஆகஸ்ட் மாத ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பேசியபின், காடு கழனி இல்லாத நகரத்து வீடுகளிலிருந்தும் இந்தக் குட்டிகளைத் தேடி வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் லேப்ரடாருக்கும் அல்சேஷனுக்கும் சொல்லப்படும் பயிற்சியை அப்படியே இதன்மேல் போட்டுவிட்டு, “சொல் பேச்சு கேட்காத நாய்” என்று ஊருக்குத் திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

லேப்ரடார் மனிதன் பக்கத்தில் நின்று, அவன் சொல்வதைக் கேட்டு வேலை செய்யப் பழகிய இனம். சிப்பிப்பாறை அப்படி இல்லை. முயல் கிளம்பியதும் அவிழ்த்துவிட்டால் ஆளை விட்டு வெகுதூரம் போய், எங்கே திரும்புவது, எப்போது பாய்வது என்பதையெல்லாம் தானே முடிவு செய்யும். தலைமுறை தலைமுறையாக அதற்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அது ஓட ஆரம்பித்தபின் உங்கள் குரலுக்கு வேலை இல்லை. ஓடுவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறது. கீழே சொல்லும் பயிற்சி எல்லாம் அந்த ஒரு நொடியைப் பிடிப்பதற்குத்தான்.

குட்டி எடுக்கும்போது

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்து ஊர். அந்த வட்டாரத்திலும் கோவில்பட்டி, கழுகுமலை பக்கத்திலும் இன்றும் நல்ல வம்சக் கட்டுகளை வைத்திருக்கிறார்கள். கருப்பில் பழுப்பு கலந்ததைக் கன்னி என்றும், செவலை, மயிலை போன்ற நிறங்களைச் சிப்பிப்பாறை என்றும் பிரிப்பது பொதுவழக்கம். கிரேஹவுண்ட் கலந்த குட்டியை நாட்டு இனம் என்று விற்பவர்களும் உண்டு. வீட்டில் வளர்க்கிறவருக்கு நிறத்தைவிட வயதுதான் முக்கியம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-இல் வந்த மத்திய அரசு விதியே சொல்கிறது. முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்புவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தாயோடும் கூடப்பிறந்ததுகளோடும் இருக்கும் அந்த வாரங்களில்தான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது.

முடிந்தால் நேரில் போய்த் தாயைப் பாருங்கள். புது ஆளைப் பார்த்ததும் தாய் ஒதுங்கினால் பரவாயில்லை, இந்த இனத்துக்குக் கூச்சம் கொஞ்சம் அதிகம். ஆனால் நடுங்கி மூலைக்குள் ஒடுங்குகிற தாயின் குட்டியை, முதல்முறை வளர்ப்பவர்கள் எடுக்காமல் இருப்பது நல்லது.

தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் முடிந்ததும், அப்புறம் டாக்டர் சொல்லும் கணக்கில் தவறாமல். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் இவ்வளவு மெலிந்த குட்டி தாங்காது, அதனால் இதில் தள்ளிப்போடுதல் கூடாது.

முதல் படி: வீட்டைத் தயார் செய்வது

உடம்பில் சதைப்பிடிப்புக்கு மேல் கொழுப்பு கிடையாது, தோலும் மெல்லியது. வெறும் டைல்ஸ் தரையில் படுத்தால் முழங்கை தேய்ந்து காய்ப்பு விழும். பழைய மெத்தையோ நாலாக மடித்த ஜமுக்காளமோ போட்டு, ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில் இடம் கொடுங்கள். வழுக்கும் தரையில் குட்டி ஓடும் பாதையில் சாக்கு விரித்து வைத்தால் கால் அகலாமல் இருக்கும்.

தூங்கும்போது தொடாதீர்கள். இந்த வகை நாய்களில் சில, கண்ணைப் பாதி திறந்தபடியே ஆழ்ந்து தூங்கும். விழித்திருக்கிறது என்று நினைத்துக் குழந்தை மேலே விழுந்தால், திடுக்கிட்டு உறுமும், பல்லும் படலாம். தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலை தூக்கிப் பார்த்தபின் பக்கத்தில் போவது என்பதை வீட்டில் எல்லோருக்கும் விதியாக்கிவிடுங்கள்.

சுற்றுச்சுவர் ஆறடி இருக்கட்டும். கேட்டுக்கு அடியிலுள்ள இடைவெளியையும் பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடுவதாக இருந்தால், தயவுசெய்து இந்த இனத்தை எடுக்கவே வேண்டாம். கட்டிப்போட்டபடியே கிடக்கும் சிப்பிப்பாறைக்கு மூர்க்கம் ஏறும், ஆள் பழக்கமும் போய்விடும்.

இரண்டாம் படி: பெல்ட்

இதன் தலையைவிடக் கழுத்து தடிமன். சாதாரண பெல்ட் போட்டால் பின்னால் ஒரு இழுப்பு இழுத்துத் தலையை உருவிக்கொண்டு போய்விடும். ரோட்டில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகி, விட்டால் தளரும் மார்ட்டிங்கேல் காலர் என்று ஒன்று கிடைக்கிறது. அகலமானதாகப் பார்த்து வாங்குங்கள். முழுதாக இறுகிய நிலையிலும் இரண்டு விரல் உள்ளே போக வேண்டும். வீட்டுக்குள்ளேயே வைத்துச் சோதித்துப் பாருங்கள்: நாய்க்கு முன்னால் நின்று மெதுவாக இழுங்கள், காதைத் தாண்டி வந்துவிட்டால் அளவு சரியில்லை. இரும்புச் சங்கிலி வேண்டாம். நல்ல தடிப்பான நாடாக்கயிறு, ஆறடி நீளம் போதும்.

மூன்றாம் படி: கண்ணைப் பழக்குவது

இந்தப் படியில் மட்டும் அவசரப்படாதீர்கள். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

வீட்டுக்குள், சத்தமில்லாத நேரத்தில், கையில் அவித்த கோழியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து வைத்துக்கொள்ளுங்கள். குட்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் கூப்பிட வேண்டாம். அதுவாக உங்கள் முகத்தைப் பார்த்த அந்த நொடி “சரி” என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். நேரம் தவறக் கூடாது, பார்வை பட்டதும் சொல் வர வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும், அதற்குமேல் இதற்குச் சலித்துவிடும். சில நாளில் குட்டி உங்களை அடிக்கடி பார்க்க ஆரம்பிக்கும். அப்போதுதான் “பாரு” என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். சொன்னதும் திரும்பினால் கோழி.

வீட்டுக்குள் நன்றாகப் பழகியதும் மாடி, பிறகு வாசல், பிறகு தெரு. ஒவ்வொரு இடத்திலும் பாடத்தை முதலிலிருந்து தொடங்குங்கள். மாடியில் கற்றது தெருவில் தானாக வராது.

தெருவில் போகும்போது நாயையே கவனியுங்கள். தூரத்தில் பூனை தெரிந்ததும் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மூச்சுவாங்கத் திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். மடிந்து கிடந்த காது அடியிலிருந்து எழும். கழுத்து நீண்டு தலை உயரும். ஆடிக்கொண்டிருந்த வால் நின்றுவிடும். சில நாய்கள் முன்னங்கால் ஒன்றைத் தூக்கி அப்படியே நிற்கும். உடம்பு முழுக்க நாண் ஏற்றிய வில்லாகிவிடும். வாய் மூடுவதற்கும் வால் நிற்பதற்கும் இடையில்தான் உங்களுக்கு வாய்ப்பு. அந்த நேரத்தில் “பாரு” என்றால் காதில் விழும். வால் நின்றபின் எவ்வளவு கத்தினாலும் விழாது. அப்போது கத்தாமல், கயிறைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, உடம்பைத் திருப்பி, வந்த வழியே நாலைந்து அடி நடந்துவிடுங்கள். பூனை கண்ணிலிருந்து மறைந்ததும் நாய் தளரும். தளர்ந்தபின் “பாரு”, திரும்பினால் கோழி.

அடிக்கவோ பெல்ட்டைச் சுண்டி இழுக்கவோ கூடாது. வேறு இனத்தில் சிலர் அப்படிப் பழக்குவதைப் பார்த்திருப்பீர்கள். சிப்பிப்பாறையை ஒரு தடவை அடித்துப் பாருங்கள், அடுத்த முறை கூப்பிடும்போது கை எட்டாத தூரத்தில் நின்று உங்களை அளக்கும். எங்கள் வீட்டுச் செவலை, யாராவது குரலை உயர்த்தினாலே கட்டிலுக்கடியில் போய்விடுவாள், அன்று முழுக்க எந்தப் பாடமும் ஏறாது.

நான்காம் படி: விசில்

திறந்த வெளியில் மனிதக் குரல் சீக்கிரம் கரைந்துவிடும். கோபமும் பதற்றமும் அதில் ஏறிவிடும். விசில் எப்போதும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் திரும்பக் கூப்பிட விசிலைப் பழக்குவது என் பரிந்துரை.

முதல் சில வாரம் சாப்பாட்டுத் தட்டு வைப்பதற்கு முன் இரண்டு குறு ஊதல். வேறெதற்கும் ஊதக் கூடாது. அப்புறம் வேறு அறையிலிருந்து ஊதுங்கள், ஓடி வந்தால் தாராளமாகக் கொடுங்கள். பிறகு சுற்றுச்சுவர் உள்ள இடம். வந்ததும் உடனே கயிறு மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போகாதீர்கள். விசில் அடித்தால் விளையாட்டு முடிந்தது என்று கணக்குப் போட்டுவிடும். வந்ததும் கோழி, தடவல், மறுபடி போய் விளையாடு. பத்தில் எட்டு தடவை இப்படி இருக்கட்டும்.

நீளக்கயிறு கட்டிப் பழக்கும்போது கழுத்தில் கட்டவே கூடாது. ஐந்தாறு தாவலிலேயே முழு வேகத்துக்குப் போகிற நாய் இது. கயிறு தீர்ந்து கழுத்தில் சுண்டினால் கழுத்தெலும்பே போய்விடும். நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் கட்டுங்கள், கயிறும் ஐந்து மீட்டருக்கு மேல் வேண்டாம்.

இவ்வளவு பழக்கினாலும் சுவரோ வேலியோ இல்லாத இடத்தில், ரோடு பக்கத்தில், அவிழ்த்துவிடாதீர்கள். எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்த நாய்க்கும் இதைத்தான் சொல்வேன். அது முயலைப் பார்க்கும்போது லாரியைப் பார்ப்பதில்லை.

ஐந்தாம் படி: ஓடவிடுவது

துரத்தும் ஆசையை அடக்கி வைத்தால் அது வேறு வழியில் வெளியே வரும். கொடுக்க வேண்டிய விதத்தில் கொடுங்கள். நாலடி மூங்கில் கம்பு, நுனியில் கயிறு, கயிற்றின் முனையில் முடிச்சுப் போட்ட பழந்துணி. அதைத் தரையோடு இழுத்து வளைத்துக் காட்டினால் போதும், எல்லாம் மறந்து ஓடும். மேலே தூக்கிக் குதிக்க வைக்காதீர்கள். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை துணியைப் பிடிக்க விடுங்கள். பிடித்ததும் “விடு” என்று சொல்லி மூக்கருகில் கோழியைக் காட்டுங்கள், வாயைத் திறக்கும், உடனே கொடுங்கள். இதே “விடு”தான் நாளைக்குத் தெருவில் அது எலும்பைக் கவ்வும்போது உதவும்.

எலும்பு வளர்ந்து முடிய ஒரு வயதுக்கு மேல் ஆகும். அதுவரை பைக்குப் பின்னால் ஓட்டுவது, மணிக்கணக்கில் ஓடவிடுவது எல்லாம் கூடாது. வளர்ந்த நாய்க்கும் இரண்டு நடையும், வேலி உள்ள இடத்தில் பத்துப் பதினைந்து நிமிட ஓட்டமும் போதும். மிச்ச நேரமெல்லாம் தூங்கும். இதைக் கேட்டால் பலர் நம்புவதில்லை.

உயிருள்ள முயலை விட்டுப் பழக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடுவது குற்றம். அந்த முயலுக்கும் வலி உண்டு.

வீட்டில் பூனை, கோழி இருந்தால் குட்டியிலிருந்தே கயிற்றோடு பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குங்கள். வீட்டுக் கோழியோடு பழகிய நாய் அடுத்த வீட்டுக் கோழியை விட்டுவைக்கும் என்று நம்பாதீர்கள்.

“உட்கார்” வரவில்லையே என்று நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். தொடைச் சதையும் நீண்ட காலும் சேர்ந்து, இவற்றில் பலவற்றுக்கு உட்கார்வது சிரமம். நின்றபடி காத்திருக்க “இரு”, படுக்க “படு”, இரண்டும் போதும்.

உடம்பு

விலா எலும்பில் கடைசி இரண்டு மூன்று லேசாகத் தெரிந்தால் ஆரோக்கியம். பக்கத்து வீட்டார் “சோறு போடலையா” என்று கேட்பார்கள், அதற்காகக் கொழுக்க வைக்காதீர்கள். ஊரில் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் மோரும் ஊற்றி வளர்த்தார்கள். அது இன்றும் நல்ல உணவுதான், ஆனால் அது மட்டும் போதாது. இறைச்சியோ முட்டையோ சேர வேண்டும். இறங்கிய நெஞ்சு உள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அதனால் ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், தின்றதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராவிட்டால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நாட்டு நாய், வெயில் தாங்கும் என்பது பாதி உண்மை. நிழலில் கிடக்கத் தாங்கும், ஓடத் தாங்காது. கோடையில் சூரியன் ஏறும் முன் நடையை முடியுங்கள். உண்ணியைத் தினமும் தடவிப் பாருங்கள். காதுக்குள், கால்விரல் இடுக்கில்தான் ஒளிந்திருக்கும். காய்ச்சலும் சோர்வும் சேர்ந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சை எதுவானாலும், இது கிரேஹவுண்ட் வகை நாய் என்று டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தயோபென்டால் போன்ற சில மயக்க மருந்துகளிலிருந்து கிரேஹவுண்டுகள் தெளிய வெகுநேரம் ஆகும். வேறு மருந்துகள் இருக்கின்றன, சொன்னால் மாற்றிக்கொள்வார்.

அறுத்துக்கொண்டு ஓடிவிட்டால்

பின்னால் ஓடாதீர்கள். பிடிக்கவும் முடியாது, துரத்தும் விளையாட்டு என்று நினைத்து இன்னும் தூரம் போகும். விசிலை ஊதிவிட்டு, அது உங்களைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் மெதுவாக நடங்கள். கண்ணுக்கு மறைந்துவிட்டால், ஒருவர் அது புறப்பட்ட இடத்திலேயே நிற்கட்டும். துரத்தியது கைக்கு எட்டாமல் போனதும் பெரும்பாலும் கிளம்பிய இடத்தைத் தேடித்தான் வரும். இன்னொருவர் வீட்டு வாசலில் இருக்கட்டும், கேட் திறந்தே இருக்கட்டும். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் ஒரு வார்த்தை திட்டக் கூடாது, கோழியோடு வரவேற்க வேண்டும். மூச்சு அடங்கியபின் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்து, நகம் பெயர்ந்திருக்கிறதா, பாதத்தில் முள் ஏறியிருக்கிறதா, முள்கம்பியில் தோல் கிழிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். இதன் தோல் கிழிந்தால் பெரிதாக வாய் பிளந்துகொள்ளும், அன்றே தையல் போட வேண்டியிருக்கும்.