எதிர்ப்புச் சக்தி ஊசி எழுதித் தந்தால்

ஓய்வு பெறும்வரை இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருபத்தெட்டு வருடம் மருத்துவமாதாக ஏறி இறங்கியவள் நான். அப்படியிருந்தும், என் தங்கைக்கு மார்பில் கட்டி கண்டு, கண்டியில் வைத்தியர் ‘எதிர்ப்புச் சக்தி ஊசி’ என்றபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கொத்தமல்லித் தண்ணீர்தான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு சத்துமா டின்னோடு, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்கு வந்தார்கள். உடம்பில் சக்தி குறைந்துவிட்டது, ஏற்றினால் சரியாகிவிடும் என்ற எண்ணம். அதை விட்டுவிடுவதுதான் முதல் வேலை.

தேயிலைத் தொழிற்சாலை வாசலில் வாச்சர் நிற்பார். அனுமதித் துண்டைக் காட்டினால் விடுவார், இல்லாவிட்டால் பிடிப்பார். இரத்தத்தில் சுற்றும், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி கலங்கள் அப்படிப்பட்ட வாச்சர்கள். புற்றுக்கலம் தன் மேல் பி.டி.எல்.1 என்ற புரதத்தை வைத்திருக்கிறது. அது கள்ளத் துண்டு. டி கலத்தின் பி.டி.1 என்ற கையில் அதைக் கொடுத்ததும் வாச்சர் பேசாமல் வழி விடுகிறார். அவருக்குப் பலம் குறையவில்லை, சத்துமாவும் தேவையில்லை. இந்த ஊசியில் இருக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து அந்தக் கையைப் பொத்திவிடுகிறது. துண்டு செல்லாது, ஆள் பிடிபடுவான். பி.டி.1ஐக் கண்டுபிடித்த ஜப்பானியர் தசுகு ஹோஞ்சோவும், இதைப் போன்ற இன்னொரு தடையை ஆராய்ந்த அமெரிக்கர் ஜேம்ஸ் அலிசனும் 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

எல்லா மார்பகப் புற்றுக்கும் இந்த ஊசி போடுவதில்லை. கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதித்த பயொப்சி அறிக்கையைக் கையில் எடுத்து ஈ.ஆர், பி.ஆர், ஹெர்2 என்ற மூன்று பெயர்களைத் தேடுங்கள். முதல் இரண்டும் புற்றுக்கலத்தில் ஹோர்மோன் ஒட்டும் இடங்கள், மூன்றாவது அதன் வளர்ச்சியைத் தூண்டும் புரதம். ஈ.ஆர் பொசிட்டிவ் என்றால் பெரும்பாலும் ஹோர்மோன் மாத்திரைதான் பேச்சாக இருக்கும். பக்கத்து லயத்து அக்காவுக்கு ஊசி போட்டார்களே என்று சண்டை பிடிக்க வேண்டாம். ஹெர்2 பக்கத்தில் 3+ என்று இருந்தால் டிராஸ்டுசுமாப். 1998இலிருந்து பாவனையில் இருக்கும் அந்த மருந்து, புற்றுக்கலத்தின் வளர்ச்சியைத் தடுப்பதோடு, இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்புக் கலங்கள் வந்து பிடிக்க ஒரு பிடியாகவும் ஒட்டி நிற்கிறது. 2+ என்றால் மேலதிகப் பரிசோதனை கேளுங்கள். மூன்றும் நெகட்டிவ் என்றால், மார்பகப் புற்று வந்த நூறு பேரில் பத்துப் பதினைந்து பேருக்கு வரும் வகை. என் தங்கையுடையதும் அதுதான். வேறு இடத்துக்குப் பரவாத, ஆனால் ஆபத்துக் கூடிய கட்டம் என்றால் சத்திரசிகிச்சைக்கு முன் கீமோவோடும் பின்பு தனியாகவும் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்கிறார்கள். 2021 ஜூலையில் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. பரவியிருந்தால் பி.டி.எல்.1 பரிசோதனையில், அந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சி.பி.எஸ் என்ற எண் பத்து அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அறிக்கையைப் பொலித்தீன் உறைக்குள் வையுங்கள். எங்கள் பனிமூட்டத்தில் கடுதாசி இரண்டு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். மொத்தம் எத்தனை ஊசி, எங்கிருந்து வரும், யார் செலவு என்பதை முதல் ஊசிக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கட்டாரில் இருக்கும் அவள் மகன் கடன்பட்டான்.

கைத்தொலைபேசியில் ‘எதிர்ப்புக் கலத்தை வளர்த்து ஏற்றுகிறோம்’ என்ற விளம்பரங்களும் வரும். அந்த வைத்தியம் ஒன்று உண்மையில் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பர்க் குழுவினர், புற்று உடம்பில் பரவிய ஒரு பெண்ணின் கட்டிக்குள் நுழைந்திருந்த டி கலங்களை எடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, கோடிக்கணக்கில் திரும்ப ஏற்றினார்கள். கட்டிகள் மறைந்தன. 2018இல் அதை வெளியிட்டார்கள். ஆனால் அது ஆய்வாகச் செய்தது, கடையில் கேட்டு வாங்கும் பொருள் அல்ல. விளம்பரக்காரரிடம் எந்த ஆய்வு, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது, கடிதம் எங்கே என்று கேளுங்கள். பாதிப் பேர் அதோடு தொலைபேசியை வைத்துவிடுவார்கள். முன்பணம் மட்டும் கேட்கிறவரிடம் நீங்களே வைத்துவிடுங்கள்.

இனிப் பக்கவிளைவு. இதில் பிழை விட்டவள் நான்தான். வாச்சரின் கையைப் பொத்திவிட்டால் நல்ல துண்டோடு வரும் நம் ஆளையும் அவர் பிடிப்பார் அல்லவா? குடல், நுரையீரல், ஈரல், தோல், தைரொயிட் என்று எதுவும் அகப்படலாம். மூன்றாவது ஊசி போட்டுப் பதினொரு நாளில் தங்கைக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கொய்யாக் கொழுந்தும் மாதுளை ஓடும் அவித்துக் கொடுத்தேன். நான்காம் நாள் காலை அவளால் கோடியில் இருக்கும் கழிவறைவரை நடக்க முடியவில்லை. முச்சக்கர வண்டி பிடித்துக் கொண்டுபோனோம். வார்டு வைத்தியர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை, என்ன ஊசி என்று கேட்டார். டி கலங்கள் குடலைத் தாக்கியிருந்தன. ஸ்டீரொயிட் கொடுத்து அடக்கினார்கள். அந்த மாத்திரையைச் சொன்ன அளவில் கிழமை கிழமையாகக் குறைக்க வேண்டும். சுகம் வந்துவிட்டது என்று சட்டென்று நிறுத்தக் கூடாது.

ஆகவே வயிற்றோட்டம், புதிதாக வந்த இருமல், மூச்சு வாங்குதல், கண் மஞ்சளாகுதல், உடம்பெல்லாம் தடிப்பு என்று எது கண்டாலும் அன்றைக்கே சொல்லுங்கள். ஊசி முடிந்து மாதங்கள் கழிந்த பிறகும் வரலாம். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட திகதியையும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். இரவில் ஓடிப்போகும் பக்கத்து வைத்தியசாலையில் உங்களைத் தெரிந்தவர் இருக்கமாட்டார்.

தைரொயிட் இரத்தப் பரிசோதனையை நடுநடுவே செய்வார்கள், தவறவிடாதீர்கள். தங்கையின் தைரொயிட் சுரப்பியும் அகப்பட்டது, அது திரும்ப வேலை செய்யவேயில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் தைரொக்சின் மாத்திரை. அதன்பின் அரை மணி நேரம் எதுவும் கூடாது. கீமோவையும் சத்திரசிகிச்சையையும் பொறுத்தவள், தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போக முன் தேத்தண்ணீருக்குக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்துக்குத்தான் தினமும் என்னைத் திட்டுகிறாள்.