மலைக்குத் தூக்கிப் போக ஒரு ட்ரைபொட்

கமராவை நிறுத்துகிற முக்காலியான ட்ரைபொட் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், பிறகு கையில் தூக்கிப் பார்ப்பார்கள். மலையகத்தில் படம் எடுக்கப் போகிறவர் இந்த இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மூன்று காலையும் தனித்தனியாக, வேறு வேறு சாய்வில் விரிக்க முடியுமா? முடியாது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும், எவ்வளவு இலேசாக இருந்தாலும் அது கடையிலேயே இருக்கட்டும்.

நான் கொட்டகலைப் பக்கம். தோட்டங்களில் கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் போய்ப் படம் எடுக்கிறேன். ஓய்வு கிடைத்தால் மலை, பனிமூட்டம், ரயில். எங்கள் பக்கம் சமதரை என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பிரட்டுக்களமும் பள்ளிக்கூட மைதானமும்தான். மற்றதெல்லாம் சரிவு. '3110' என்று பெட்டியில் எழுதிப் போன் கடைகளில் விற்கிறார்களே, மெல்லிய கால் வைத்த ட்ரைபொட், அதில் மூன்று காலையும் நடுத்தண்டோடு சேர்த்துப் பிணைக்கிற குறுக்குச் சட்டம் இருக்கும். ஒரு காலை இழுத்தால் மூன்றும் ஒரே அளவில் விரியும். வீட்டுக்குள் போனை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒன்லைன் வகுப்பு எடுக்க அது தாராளமாகப் போதும். தேயிலை மலையில் அதை நேராக நிறுத்துவதற்குள் வெளிச்சம் போய்விடும்.

தேயிலைக்குள் ஒரு ட்ரைபொட் எப்படி நிற்க வேண்டும் என்று பாருங்கள். இரண்டு நிரைக்கு நடுவில், மழைநீர்க் கானை ஒட்டி இடம் பிடிக்கிறோம். இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம் நீளமாக இறங்க வேண்டும். மூன்றாவது கால் மேட்டுப் பக்கம். அதை நீட்டவே கூடாது. மடக்கியபடியே, சாய்வுப் பூட்டை அடுத்த படிக்கு மாற்றி, செடியின் அடிமரத்தை ஒட்டிக் கிட்டத்தட்ட படுக்கவைக்க வேண்டும். நில அளவையாளர்கள் சரிவில் தங்கள் கருவியை நிறுத்துவதும் இப்படித்தான்: இரண்டு கால் பள்ளத்துக்கு, ஒரு கால் மேட்டுக்கு. இதற்கு ஒவ்வொரு காலின் மேல்மூட்டிலும் தனியாக ஒரு சாய்வுப் பூட்டு இருக்க வேண்டும். இரண்டு படி இருந்தால் சமாளிக்கலாம், மூன்று இருந்தால் நல்லது.

சரி, இப்போது எடைக்கு வருவோம். இலேசான ட்ரைபொட் என்றால் அந்த எடையை எதிலிருந்து குறைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். உயரத்தில் குறைத்திருந்தால் வாங்கலாம். காலின் தடிப்பில் குறைத்திருந்தால் வேண்டாம். நான் சொல்ல வந்ததே இதுதான், மிச்சமெல்லாம் இதை ஒட்டியதுதான்.

குழாயின் சுவர் ஒரே தடிப்பு என்று வைத்துக்கொண்டால், வளையாமல் நிற்கிற பலம் விட்டத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 22 மில்லிமீட்டர் குழாயை 25 ஆக்கினால் வெறும் 3 மில்லிமீட்டர்தான் கூடுகிறது, பலமோ கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிறது. இனி, ஒன்றுக்குள் ஒன்றாக நுழைந்து நீள்கிற காலின் பகுதிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு பகுதியும் மேலே இருப்பதற்குள் நுழைய வேண்டும் என்பதால் வழக்கமாக 3 மில்லிமீட்டர் அளவில் மெலிந்துகொண்டே போகும். 25-இல் தொடங்கும் நாலு பகுதிக் கால் 16-இல் முடியும். 22-இல் தொடங்கி ஐந்து பகுதி வைத்தால் கடைசிப் பகுதி 10 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். ஐந்து பகுதி ட்ரைபொட் மடக்கினால் அழகாகப் பைக்குள் போகும், விளம்பரப் படமும் அதைத்தான் காட்டும். அம்பேவளைப் பக்கம் ஆடி மாதக் காற்றில் அதை விரித்துப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கடைசிப் பகுதி என்ன செய்யும் என்று தெரியும்.

என் அக்கா மகன் ஒரு சின்ன ட்ரைபொட்டைக் கொண்டுவந்து காட்டினான். "மாமா, அறுநூறு கிராம்தான். பையில போட்டாலும் தெரியாது."

"பையில தெரியாதுடா, போட்டோவிலதான் தெரியும்" என்றேன். அவனுக்குக் கோபம்தான். ஆனாலும் அவன் போனுக்கு அது சரியாகவே இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு உயரம் வேண்டும்? கண்ணுக்கு நேராக வர வேண்டும் என்பது பழைய கணக்கு. இப்போது கமராக்களில் திரையைத் திருப்பிப் பார்க்கலாம், குனிய வேண்டியதில்லை. நம் பக்கத்துக்கு வேறு அளவுகோல் இருக்கிறது: தேயிலைச் செடி. கவ்வாத்து வெட்டி (கிளைகளைக் கத்தரித்து) நாளான செடி இடுப்புக்கு வரும். நடுத்தண்டைத் தூக்காமல், கால்களை மட்டும் நீட்டி 120 முதல் 130 சென்டிமீட்டர் வந்தால் செடிக்கு மேலே கமரா நிற்கும். அதற்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டரும் வீண் எடை. கடைக்காரர் 'ஐந்தரை அடி' என்று சொன்னால், அதில் நடுத்தண்டு எவ்வளவு என்று கேளுங்கள். நடுத்தண்டை முழுக்கத் தூக்கிவிட்டால் மூன்று கால் இருந்தும் அது ஒற்றைக்காலில் நிற்கிற கொக்குதான்.

மடக்கிய நீளம் 40 முதல் 45 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். கால்களை மேல்நோக்கித் திருப்பி, கமரா ஏறுகிற தலையைச் சுற்றி மடக்குகிற வகையில் இது எளிதாகக் கிடைக்கும். ஹட்டனிலிருந்து காலை நேரத்தில் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள், அதைவிட நீளமான எதுவும் யாரோ ஒருவர் விலாவில்தான் குத்தும். மொத்த எடை, தலையோடு சேர்த்து, ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ. இதற்குள் 25 மில்லிமீட்டர் கால், நாலு பகுதி, தனித்தனிச் சாய்வு மூன்றும் கிடைக்கும். ஒரு கிலோவுக்கும் கீழே, மலிவாகவும் வேண்டும் என்றால் இந்த மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

காபன் ஃபைபரா அலுமினியமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காபன் கால் கொஞ்சம் இலேசு, அதிர்வும் சீக்கிரம் அடங்கும். நுவரெலியாவில் தை மாத உறைபனி விடியலில் அலுமினியக் காலைப் பிடித்தவருக்கு காபனின் இன்னொரு நன்மையும் புரியும்: கை விறைக்காது. ஆனால் விலை எகிறிவிடும், கூர்ங்கல்லில் மோதினால் வெடிப்பு விழலாம். மிச்சமாவது 300 கிராம் அளவு. அந்தப் பணத்துக்கு நல்ல அலுமினியக் கால் வாங்கி, மேல்பகுதியில் சைக்கிள் ஹேண்டில் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள். கை சுடவும் சுடாது, விறைக்கவும் விறைக்காது.

பூட்டுகள் இரண்டு வகை. நெம்பித் திறப்பது, திருகித் திறப்பது. ரோட்டில் வேலை செய்கிறவருக்கு நெம்பும் பூட்டு வேகம். தேயிலைக்குள் நுழைகிறவருக்கு நான் திருகுப் பூட்டைத்தான் சொல்வேன், ஏனென்றால் நெம்புகோல்கள் ஒவ்வொரு தேயிலைக் கிளையிலும் மாட்டி இழுக்கும். திருகுப் பூட்டில் கால்வாசி, மிஞ்சினால் அரைத் திருப்பில் இறுக வேண்டும். இரண்டு மூன்று சுற்று கேட்கிற பூட்டு மழையில் உங்கள் பொறுமையைத் தின்றுவிடும்.

தலை பந்துத் தலையாக இருக்கட்டும். ஒரே திருகில் எந்தப் பக்கமும் சாயும், சரிவில் அதுதான் வசதி. பந்துக்கு வேறாக அடித்தளத்தைச் சுழற்றுகிற இன்னொரு திருகும் இருந்தால் காமன் கூத்து மாதிரி இரவு முழுக்க நடக்கிறதை வீடியோ எடுக்கும்போது கமராவை இடம் வலமாகத் திருப்பலாம். வீடியோவே தொழில் என்றால் உள்ளே எண்ணெய் இருந்து வழுக்கிக்கொண்டு திரும்புகிற எண்ணெய்த் தலை வேண்டும், அதன் எடை வேறு கதை. கமராவில் பொருத்துகிற தகடு 38 மில்லிமீட்டர் அகலமுள்ள ஆர்க்கா-ஸ்விஸ் வகையா என்று கட்டாயம் பாருங்கள். அந்த வகைத் தகட்டைப் பல கம்பனிகள் செய்கின்றன, தொலைந்தால் வேறொன்று வாங்கலாம். தங்களுக்கென்று தனி வடிவத் தகடு வைத்திருக்கிற கம்பனியின் ட்ரைபொட்டை வாங்கி, தகட்டைத் தொலைத்துவிட்டால் மலைநாட்டுக் கடைகளில் தேடிக் கிடைக்காது. தகட்டின் திருகை இரண்டு ரூபாய்க் குற்றியால் இறுக்க முடிந்தால் இன்னும் நல்லது, சாவி தேட வேண்டாம்.

'தாங்கும் எடை 8 கிலோ' என்ற எழுத்தை அப்படியே நம்பாதீர்கள். இதற்குப் பொதுவான அளவுமுறை கிடையாது, கம்பனிக்கு ஒரு கணக்கு. கமராவும் லென்ஸும் சேர்ந்த எடையின் மூன்று மடங்காவது அங்கே எழுதியிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, மீதியைக் கையால் சோதியுங்கள்.

எப்படிச் சோதிப்பது? எல்லாப் பகுதியையும் இழுத்துப் பூட்டி, இரண்டு உள்ளங்கையையும் மேலே வைத்து உடம்பின் பாரத்தை மெல்ல இறக்குங்கள். எந்தப் பகுதியாவது வழுக்கினால் வேண்டாம். பிறகு கால்கள் மேலே கூடுகிற இடத்தைப் பாருங்கள். அது பிளாஸ்டிக்காக இருந்தால், அதில்தான் முதலில் கீறல் விழும். ஒரு காலை மட்டும் பிடித்து முறுக்கினால் மூட்டில் ஆட்டம் தெரியக்கூடாது. கடைசியாக உங்கள் சொந்தக் கமராவை, இருக்கிறதிலேயே நீளமான லென்ஸோடு ஏற்றி, சாய்த்துப் பூட்டி, திரையில் படத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். படம் நடுங்கி அடங்குகிற நேரத்தைக் கவனியுங்கள். சாய்த்த தலை மெதுவாகக் கீழே தொங்குகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். புறக்கோட்டையானாலும் ஹட்டன் டவுனானாலும், விரித்துப் பார்க்க விடாத கடையில் ட்ரைபொட் வாங்குவதில்லை. பழையது வாங்கும்போதும் இதே சோதனைதான்; கூடவே ஒரு பூட்டை முழுக்கக் கழற்றிப் பார்த்து, உள்ளே மணல் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

போனில் மட்டும் எடுக்கிறவர்களுக்கு இவ்வளவு பெரியது தேவையில்லை. ஆனால் செல்ஃபிக் கம்பியில் மூன்று குட்டிக்கால் முளைத்த வகையை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள், லிப்டன் சீட் காற்று அதைப் போனோடு சேர்த்துத் தள்ளிவிடும். முழங்கால் உயரத்துக்கு ஒரு தடித்த குட்டை ட்ரைபொட்டும், கால் அங்குலத் திருகு ஏறுகிற உலோகப் பிடியும் போதும். அசைவில்லாமல் நிற்பதை உணர்ந்துகொண்டு இரவுப் படத்துக்குக் கூடுதல் நேரம் எடுக்கிற போன்கள் இருக்கின்றன. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலையில் படிக்கட்டு நெடுக விளக்கு எரியுமே, அதை மஸ்கெலியாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கக் கரையிலிருந்து போனிலேயே எடுக்கலாம்.

வாங்கியாயிற்று, இனி பயன்படுத்துகிற விதம். காற்றில் தடித்த பகுதிகளை முதலில் நீட்டுங்கள், மெலிந்ததைக் கடைசியாக. ஓடை நீரில் நிறுத்தும்போது இதை அப்படியே தலைகீழாக்க வேண்டும்: கடைசிப் பகுதியை முழுக்க நீட்டினால்தான் அதன் பூட்டு தண்ணீருக்கு மேலே நிற்கும், மணல் புகாது. நடுத்தண்டின் கொக்கியில் பையை மாட்டச் சொல்வார்கள். மாட்டுங்கள், ஆனால் ஒரு கயிற்றால் இறக்கி, பையின் அடி தரையைத் தொடுகிற மாதிரி. அந்தரத்தில் ஆடுகிற பை ட்ரைபொட்டையும் சேர்த்து ஆட்டும். இரண்டு நொடி டைமரை வைத்து எடுங்கள், லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். காற்று வரும் பக்கம் குடையை விரித்துக்கொண்டு நீங்களே நின்றால் இன்னும் நல்லது. காற்று மிஞ்சினால் கால்களை அகல விரித்துத் தரையோடு தரையாக இறக்குங்கள், அங்கே கடையில் பார்த்த உயரக் கணக்கெல்லாம் செல்லாது.

எல்ல, தெமோதரைப் பக்கம் ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போகிறவர்களுக்கு: ட்ரைபொட்டைத் தண்டவாளத்தில் வைக்காதீர்கள். ரயில் வரும்போது தூக்கிக்கொண்டு ஓடலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே சரிவில் நின்றால் பாலத்தின் வளைவும் சேர்ந்து விழும், படமும் அதுதான் நல்லது.

ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறபோது ட்ரைபொட்டைப் பொலித்தீன் உறையில் சுற்றிக்கொண்டு போகாதீர்கள், வாசலில் பொலித்தீனை வாங்கிவிடுவார்கள். உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்த்துத் திரும்புகிற சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் என்பதால் தோளில் மாட்டுகிற பை வேண்டும். தையல்காரரிடம் ஒரு படங்குத் துண்டைக் கொடுத்தால் வார் வைத்துத் தைத்துத் தருவார். மழை நீர் உள்ளே இறங்காது, மடக்கிய ட்ரைபொட்டின் அளவைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரத்தோடு மடக்கி வைக்காதீர்கள். கால்களை நீட்டி, தலைகீழாகச் சாய்த்து, ஒரு இரவு காயவிடுங்கள். சேறு புகுந்த திருகுப் பூட்டை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து, உள்ளே இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் அரைவளையங்களும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு மாட்டுங்கள். தேங்காயெண்ணெய் மட்டும் போடாதீர்கள், தூசியைப் பிடித்து இரண்டு வாரத்தில் பூட்டு அரைக்கத் தொடங்கிவிடும். அப்புறம், பைக்குள் கையை விடுவதற்கு முன்னால் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் பாதத்தின் அடியில்தான் ஒட்டிக்கொண்டு வரும்.