ஜாவா வெப் அப்ளிகேஷனில் தானாக ஓடும் வேலைகள்: அமைப்பதும் கவனிப்பதும்

கோயம்பேட்டில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரின் ஜாவா வெப் அப்ளிகேஷனைப் பார்த்துக்கொள்கிறேன். அதில் யாரும் பட்டன் அழுத்தாமல் நடக்க வேண்டிய வேலைகள் இரண்டு. தினமும் விடிகாலை 3:30-க்கு அன்றைய விலைப்பட்டியல் சில்லறைக் கடைக்காரர்களின் போனுக்குப் போக வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பணம் கட்டாமல் கிடக்கும் ஆர்டர்களை ரத்து செய்ய வேண்டும். இவற்றை வைத்தே சொல்கிறேன்.

ஜாவாவின் பழைய டைமர் கிளாஸை விட்டுவிடுங்கள். அதற்கு ஒரே த்ரெட் (வேலையை ஓட்டும் இழை). ஒரு வேலையில் பிடிபடாத எக்ஸெப்ஷன் (ஓடும்போது எழும் பிழை) வந்தால் அந்த த்ரெட் போய்விடும், அதை நம்பியிருந்த மற்ற வேலைகளும் நின்றுவிடும். ஜாவா 5 வந்த 2004 முதல் ஷெட்யூல்ட் எக்ஸிக்யூட்டர் சர்வீஸ் இருக்கிறது. டாம்கேட் என்ற ஜாவா வெப் சர்வரும், கோரிக்கைகளுக்குப் பதில் தரும் செர்வ்லெட் கிளாஸ்களும் மட்டும் என்றால் அது போதும்.

அதைத் தொடங்கும் இடம் செர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிசனர். அப்ளிகேஷன் எழும்போது அழைக்கப்படும் மெத்தடில் இரண்டு த்ரெட் கொண்ட பூலை உருவாக்குங்கள். இறங்கும்போது அழைக்கப்படும் மெத்தடில் ஷட்டவுன் கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் வேலை முடியச் சில விநாடிகள் காத்திருங்கள். இந்த இரண்டாவது பாதியைப் பலர் எழுதுவதே இல்லை. டாம்கேட்டை நிறுத்தாமல் புது வார் ஃபைலை (அப்ளிகேஷனின் தொகுப்பு) ஏற்றினால், பழைய த்ரெட் பழைய கிளாஸ்களைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே ஓடும். மெமரியும் வீண், ஒரே வேலை இரண்டு முறையும் நடக்கும். டாம்கேட் லாகில் எச்சரிக்கை எழுதும், ஆனால் அதைத் திறந்து பார்க்க ஆள் வேண்டுமே.

ஆர்டர் ரத்துக்கு ஃபிக்ஸட் ரேட் வேண்டாம், ஃபிக்ஸட் டிலே வையுங்கள். ரேட் என்றால் ஒரு தொடக்கத்திலிருந்து அடுத்த தொடக்கத்துக்குப் பத்து நிமிடம். அதில் ஒரு சுற்று இழுத்துக்கொண்டால், தாமதமான சுற்றுகள் இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து ஓடும். டிலேயில் ஒன்று முடிந்த பிறகுதான் பத்து நிமிடக் கணக்கு தொடங்கும். டேட்டாபேஸுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அடுத்ததுதான் எனக்கு மிக முக்கியமானது. இந்த எக்ஸிக்யூட்டரில் திரும்பத் திரும்ப ஓடும் வேலை ஒரே ஒரு எக்ஸெப்ஷனை வெளியே விட்டாலும், அதற்குப் பிறகு ஓடவே ஓடாது. லாகில் ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் அந்த எக்ஸெப்ஷன், வேலையின் முடிவை வைத்திருக்கும் ஃபியூச்சர் ஆப்ஜெக்ட்டுக்குள் அடங்கிவிடும். இந்த அப்ளிகேஷன் என் கைக்கு வந்தபோது அப்படித்தான் இருந்தது. இரவு டேட்டாபேஸ் சிறிது நேரம் நின்று எழுந்திருக்கிறது. அன்றிலிருந்து ரத்து வேலை நின்று, பணம் வராத ஆர்டர்கள் குவிந்து, இருக்கிற தக்காளியை இல்லை என்று திரை காட்டிக்கொண்டிருந்தது. தீர்வு எளிது: ரன் மெத்தடின் உள்ளே இருப்பது முழுவதையும் ட்ரை-கேட்ச்சுக்குள் வைத்து, கேட்ச்சில் லாக் எழுதுங்கள்.

சரி, 3:30 என்று கடிகார நேரம் சொல்ல இந்த எக்ஸிக்யூட்டரில் வழி இல்லை. ஸ்பிரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கில் இருக்கிறது. கான்ஃபிகரேஷன் கிளாஸில் எனேபிள் ஷெட்யூலிங், மெத்தடின் மேல் ஷெட்யூல்ட், அதன் கிரான் (ஓடும் நேரத்தைக் குறிக்கும் வடிவம்) மதிப்பு "0 30 3 * * *". லினக்ஸ் கிரானில் ஐந்து இடம். இங்கே ஆறு, முதலில் இருப்பது விநாடி. கூடவே ஸோன் என்பதில் ஏசியா/கொல்கத்தா கொடுத்தே ஆக வேண்டும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) ஓடும். ஸோன் விட்டுப்போனால் பட்டியல் சென்னையில் காலை 9 மணிக்குப் போகும். அதற்குள் கடைக்காரர்கள் சரக்கு ஏற்றிப் போய்க் கடையும் திறந்திருப்பார்கள்.

ஸ்பிரிங் பூட்டில் இந்த வேலைகளுக்கு இயல்பாக ஒரே த்ரெட்தான். ரத்து வேலை எங்காவது மாட்டிக்கொண்டால் விலைப்பட்டியலும் காத்திருக்கும். ஷெட்யூலிங் பூல் சைஸைக் குறைந்தது இரண்டு ஆக்குங்கள். எக்ஸெப்ஷன் வந்தால் ஸ்பிரிங் லாக் எழுதிவிட்டு அடுத்த முறையும் ஓட்டும், அந்தக் கவலை இல்லை.

வைல்ட்ஃபிளை போன்ற முழு ஜாவா சர்வரில், அதனுடனேயே வரும் இஜேபி ஷெட்யூல் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மினிட் மட்டும் "*/10" என்று எழுதி, ஹவரை விட்டுவிட்டால் அது 0 என்று எடுத்துக்கொள்ளும். நள்ளிரவு 12 முதல் 1 மணிக்குள் மட்டும் ஓடும். ஹவருக்கும் நட்சத்திரக் குறி வேண்டும்.

அப்ளிகேஷன் இரண்டு சர்வரில் ஓடினால் கடைக்காரருக்கு இரண்டு மெசேஜ் போகும். ஷெட்லாக் என்ற லைப்ரரியைச் சேருங்கள். டேட்டாபேஸில் ஒரு டேபிள் வைத்து, முதலில் பூட்டைப் பிடித்த சர்வரை மட்டும் ஓட விடும். பூட்டின் அதிகபட்ச நேரத்தை வேலை வழக்கமாக எடுக்கும் நேரத்தைவிடத் தாராளமாக வையுங்கள். குறைந்தபட்ச நேரமும் கொடுங்கள், இரண்டு சர்வரின் கடிகாரங்களும் விநாடி பிசகாமல் ஒத்துப்போகாது. வேலைகள் நிறைய, நேரங்களை அடிக்கடி மாற்ற வேண்டும் என்றால் குவார்ட்ஸ் என்ற ஷெட்யூலிங் லைப்ரரிக்குப் போகலாம். இரண்டு வேலைக்கு அது அதிகம்.

அப்புறம், ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அதன் பெயரையும் நேரத்தையும் ஒரு டேபிளில் எழுத வையுங்கள். ஜாவாவுக்கு வெளியே, லினக்ஸ் கிரானில், சென்னை நேரம் 3:40-க்கு அந்த டேபிளைப் பார்க்கும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போடுங்கள். இன்றைய தேதியில் வரி இல்லை என்றால் உங்கள் போனுக்கு மெசேஜ் வரட்டும். பட்டியலைக் கையால் அனுப்ப அப்போதும் நேரம் இருக்கும்.