கொண்டோவா, அப்பார்ட்மென்டா? ரொறன்ரோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ரொறன்ரோவில் வாடகைக்கு வீடு தேடத் தொடங்கினால் முதல் நாளே இந்த இரண்டு சொற்களும் காதில் விழும். கண்ணாடியாய் மின்னினால் கொண்டோ, பழைய செங்கல் கட்டடம் என்றால் அப்பார்ட்மென்ட் என்று சிலர் சொல்வார்கள். நம்பவேண்டாம். எழுபதுகளில் கட்டிய கொண்டோக்களும் நகரின் கிழக்கேயுள்ள ஸ்காபரோவில் நிற்கின்றன. வித்தியாசம் சொந்தக்காரரில்தான். அப்பார்ட்மென்ட் என்று இங்கே பொதுவாகச் சொல்வது, முழுக் கட்டடமும் ஒரே கம்பனியின் கையில் இருந்து வாடகைக்கென்றே நடப்பது. கொண்டோவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு சொந்தக்காரர்.

வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்களா என்ற பயம் இங்கேதான் தொடங்குகிறது. கொண்டோ சொந்தக்காரர் தானோ பிள்ளையோ வந்து இருக்கப்போவதாகச் சொல்லி வீட்டை விடச் சொல்லும் என்12 படிவம் நீட்டலாம். குறைந்தது 60 நாள் அவகாசமும், பொதுவாக ஒரு மாத வாடகை நட்டஈடும் தரவேண்டும், ஒப்பந்தக் காலம் முடியுமுன் எழுப்பவும் முடியாது. என்றாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு பனிக்குள் வீடு மாறுவதை யோசித்துப் பாருங்கள். கம்பனிக் கட்டடத்தில் அந்தக் காரணம் எடுபடாது. கம்பனிக்கு மகனுமில்லை, மகளுமில்லை. குடும்பமாக வருபவர்களுக்கு என் வாக்கு அப்பார்ட்மென்டுக்கே.

அடுத்தது வாடகை உயர்வு. ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 2026க்கான உச்சவரம்பு 2.1 சதவீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடிவந்த வீடுகளுக்கு இந்த வரம்பு இல்லை. ஆண்டுக்கு ஒருமுறைதான், 90 நாள் முன்னறிவித்தலோடுதான் கூட்டலாம். எவ்வளவு என்பது அவர்கள் இஷ்டம். புத்தம்புதுக் கொண்டோக்கள் இந்த வரம்பில்லாத வகைக்குள் அகப்படும். கட்டடம் எந்த ஆண்டு திறந்தது என்று கேட்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கொண்டோவில் வீட்டுக்காரரின் சொல்லோடு கொண்டோ நிர்வாகத்தின் விதிகளும் உண்டு. சாமான் ஏற்ற லிஃப்டை முன்கூட்டியே பதிவு செய்யவேண்டும். பதிவு இல்லாமல் லொறியோடு போய் நின்றால் முகப்பு மேசைக்காரர் கட்டிலை உள்ளே விடமாட்டார். ஒப்பந்தத்தில் 'நாய், பூனை கூடாது' என்று வீட்டுக்காரர் எழுதினால் சட்டப்படி செல்லாது, கொண்டோவின் சொந்தப் பிரகடனம், அதாவது அதன் அடிப்படை விதிப்பத்திரம், தடுத்தால் செல்லும்.

பைப் ஒழுகினால் அப்பார்ட்மென்டில் பெரும்பாலும் கீழே சூப்பர், அதாவது கட்டடத்தைப் பராமரிப்பவர், இருப்பார். கொண்டோவில் சொந்தக்காரரைத்தான் பிடிக்கவேண்டும். அவர் வேறு நாட்டில் இருக்கவும் கூடும். ஹைட்ரோ பில், அதாவது கரண்ட் பில், கொண்டோவில் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். பழைய அப்பார்ட்மென்ட் பலவற்றில் ஹீட்டிங்கும் தண்ணீரும் வாடகைக்குள் அடங்கும்.

எதை எடுத்தாலும் முற்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் விடாது. அதுவும் கடைசி மாத வாடகையாகத்தான் கழியவேண்டும். வீடு பழுதானால் கழிக்க என்று தனியாக வைப்புப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.